11 கே.வி. பேனல், டிரான்ஸ்பார்மர் வருடாந்திர வேலை: இ.பி. ஷட்டவுன் அன்றைக்குச் செய்தாலும் எல்.சி. (லைனை நிறுத்தி வைத்ததாக இ.பி. எழுதித் தரும் லைன் கிளியர்), எர்த் தேவையா?

ரிங்பிரேம்22:

வணக்கம். ஸ்பின்னிங் மில், 11 கே.வி. சர்வீஸ். இ.பி.யின் டி.பி. ஸ்ட்ரக்சரில் (இரட்டைக் கம்பம்) ஏ.பி. சுவிட்ச் (லைனைக் காற்றில் பிரிக்கும் சுவிட்ச்), அடுத்து மீட்டரிங் செட், அங்கிருந்து 60 மீட்டர் எக்ஸ்.எல்.பி.இ. கேபிள், உள்ளே ஒரே ஒரு வி.சி.பி. (வேக்குவம் பிரேக்கர்), பிறகு 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் (11000/433, டி.ஒய்.என். 11), எல்.டி.யில் (433 வோல்ட் பக்கம்) 1600 ஆம்பியர் ஏ.சி.பி. (ஏர் பிரேக்கர்). ஏ.எம்.எஃப். பேனலோடு 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர். கூரையில் 300 கிலோவாட் சோலார், ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடும் வகை.

வரும் புதன்கிழமை ஏரியா ஷட்டவுன், காலை 9 முதல் மாலை 5 வரை. புஷிங் துடைப்பது, வி.சி.பி. சர்வீஸ், கேபிள் மெக்கர் (இன்சுலேஷன் சோதனை) மூன்றையும் அன்றைக்கே முடிக்கத் திட்டம். "லைனே டெட், அப்புறம் எதுக்கு எல்.சி., எர்த்? அரை நாள் அதிலேயே போயிடும்" என்கிறார்கள் மேலிடத்தில். காரணம் காட்டி எழுதிக் கொடுக்கணும். என்னென்ன சொல்லலாம்?

லைன்கிளியர்:

முதல் காரணம் இது. பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பு ஒரு நேர அட்டவணை, அவ்வளவுதான். வேலை சீக்கிரம் முடிந்தால் 3 மணிக்கே சார்ஜ் பண்ணுவார்கள். அந்த ஷட்டவுனுக்கு எல்.சி. வாங்கியிருப்பது அவர்களுடைய ஆட்கள். அவர்கள் எல்லாரும் எல்.சி. ரிட்டர்ன் கொடுத்ததும் சப்ஸ்டேஷனில் ஃபீடரைப் போட்டுவிடுவார்கள். உங்கள் மில்லில் ஒருவர் புஷிங் மேல் கை வைத்திருப்பது அந்த ஆபரேட்டருக்குத் தெரிய வழியே இல்லை. நடுவில் பக்கத்து ஃபீடரிலிருந்து பேக்ஃபீட் கொடுத்து ஊருக்கு சப்ளை விடுவதும் உண்டு.

"இப்போது கரண்ட் இல்லை" என்பதை வைத்து வேலை செய்யக்கூடாது. "கரண்ட் வரவே முடியாது" என்று ஆக்கிய பிறகுதான் கை வைக்கணும். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீசில் உங்கள் சர்வீஸ் எண் போட்டுத் தனியாக எழுதிக் கொடுத்து, ஏ.பி. சுவிட்சை அவர்கள் ஆளை வைத்தே திறந்து பூட்டி, உங்கள் பெயரில் எல்.சி. வாங்குங்கள்.

சட்டப்படியும் இது கட்டாயம். கடத்தியைத் தொடுவதற்கு முன் எர்த் செய்தோ வேறு தகுந்த முறையிலோ டிஸ்சார்ஜ் பண்ணணும் என்பது 1956 மின் விதிகளிலேயே 36-வது விதியாக இருந்தது. அது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளிலும் தொடர்ந்து வருகிறது. மேலிடத்துக்கு எழுதும்போது இதை முதல் வரியில் போடுங்கள்.

ஹெச்டி_யார்டு:

இறக்கும் வரிசையைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் அமைப்பில் கரண்ட் மூன்று பக்கத்திலிருந்து வரும்: இ.பி. லைன், ஜெனரேட்டர், சோலார். மூன்றையும் அடைத்தால்தான் டிரான்ஸ்பார்மர் டெட்.

முதலில் ஜெனரேட்டர், ஏனென்றால் அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏ.எம்.எஃப். பேனலின் வேலையே மெயின்ஸ் போனதும் தானாக ஸ்டார்ட் ஆவது. நீங்கள் வி.சி.பி.யை ட்ரிப் பண்ணிய அந்த நொடி அதற்கு மெயின்ஸ் ஃபெயிலியர்தான். செலக்டரை ஆஃபில் வைத்துச் சாவியை எடுப்பதோடு நிறுத்தாமல், ஸ்டார்ட்டிங் பேட்டரியின் நெகட்டிவ் லக்கைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். ஜெனரேட்டர் பக்கத்து பிரேக்கரையும் ரேக் அவுட் பண்ணி (காண்டாக்ட் விலக வெளியே இழுத்து) பூட்டுப் போடுங்கள்.

அடுத்து சோலார். கிரிட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஜெனரேட்டர் ஓடினால் அதையே கிரிட் என்று எடுத்துக்கொண்டு உங்கள் இன்வெர்ட்டரும் ஓடும். ஏ.சி. பக்க பிரேக்கரை இறக்கிப் பூட்டுங்கள். டி.சி. பக்கம் பகல் முழுக்க லைவ்தான், ஸ்ட்ரிங்குக்கு 600 முதல் 1000 வோல்ட் வரை இருக்கும். அன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

பிறகு மில் லோடை ஒவ்வொன்றாக இறக்கி, ஏ.பி.எஃப்.சி. (கப்பாசிட்டர்) பேனலை மேனுவலுக்கு மாற்றி எல்லா ஸ்டெப்பையும் ஆஃப் பண்ணி, ஏ.சி.பி.யைத் திறந்து வெளியே இழுக்கணும். அதன் பிறகு வி.சி.பி. ட்ரிப். ரேக் அவுட் பண்ணும்போது பேனல் கதவு மூடியே இருக்கட்டும். கைப்பிடிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பிரேக்கர் உண்மையில் திறக்காமல் இண்டிகேட்டர் மட்டும் திறந்த மாதிரி காட்டியிருந்தால், இழுக்கும்போது ஆர்க் அடிப்பது முன்பக்கம்தான். ட்ராலி டெஸ்ட் பொசிஷனுக்கு வந்ததும் டி.சி. கண்ட்ரோல் சப்ளையையும் ஸ்பிரிங் மோட்டார் எம்.சி.பி.யையும் இறக்குங்கள். இறக்காவிட்டால், குளோஸ் ஆன அடுத்த சில நொடிகளில் மோட்டார் ஸ்பிரிங்கை மறுபடி ஏற்றிவிடும். சப்ளையை எடுத்தபின் கையால் ஒரு குளோஸ், ஒரு ட்ரிப் கொடுத்து, ஸ்பிரிங் "டிஸ்சார்ஜ்டு" என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு மெக்கானிசத்துக்குள் கை விடுங்கள். விரலை நசுக்கும் வேகம் அந்த ஸ்பிரிங்குக்கு உண்டு.

பேனலுக்குள் இருக்கும் 230 வோல்ட் ஹீட்டர், லைட்டிங் சப்ளையை மறக்காதீர்கள். அது பெரும்பாலும் வேறு டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து வரும். ஹெச்.டி. (11 கே.வி. பக்கம்) முழுக்க டெட் ஆன பேனலிலும் அது லைவாகவே நிற்கும்.

லோடு முழுக்க இறங்கிய பிறகே ஏ.பி. சுவிட்ச். லோடோடு திறக்க அது செய்யப்பட்டதில்லை. திறந்ததும் கைப்பிடியைப் பார்க்காதீர்கள், மேலே பிளேடைப் பாருங்கள். மூன்று பிளேடும் தனித்தனியாக, வானம் தெரியும்படி விலகியிருக்கணும். துருப்பிடித்த சுவிட்சில் இரண்டு திறந்து, ஒன்று பாதியில் நிற்பது அடிக்கடி நடப்பது. கைப்பிடிக் கம்பியின் எர்த் ஃபிளாட் (உலோகப் பட்டை) அறுந்திருந்தால் அதைச் சரிபண்ணாமல் இயக்கவே கூடாது.

புதுவயர்மேன்:

அண்ணா, ஒரு சந்தேகம். ஜெனரேட்டர் 415 வோல்ட்தானே? அது எப்படி 11 கே.வி. பக்கம் ஆபத்தாகும்? ஹெச்.டி.யில் கை வைக்கிறவருக்கு அதனால் என்ன?

டெஸ்ட்பெஞ்ச்:

தம்பி, டிரான்ஸ்பார்மருக்கு எது முன், எது பின் என்று தெரியாது. 433-ல் ஊட்டினால் ஹெச்.டி. புஷிங்கில் 11000 நிற்கும். 415 கொடுத்தால் 10,500 சொச்சம்.

ஒரு ஃபேஸிலும் இதே கதைதான். டி.ஒய்.என். 11-ல் ஹெச்.டி. டெல்டா, எல்.டி. ஸ்டார். டெல்டாவின் ஒரு காயிலில் 11000, ஸ்டாரின் ஒரு காயிலில் 433-ஐ 1.732-ஆல் வகுத்தால் 250. சுற்று விகிதம் 44. யாரோ ஒருவர் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டைத் தவறாகச் செருகினால், மேலே ஒரு காயிலில் 10,120 வோல்ட். சின்ன இன்வெர்ட்டர் என்றால் காந்தமேற்றும் கரண்ட் தாங்காமல் ட்ரிப் ஆகலாம். ட்ரிப் ஆகும் என்று நம்பி ஒருவர் கையை வைக்க முடியாதே.

பி.டி.யிலும் (மீட்டருக்கும் ரிலேவுக்கும் வோல்டேஜைக் குறைத்துத் தரும் சின்ன டிரான்ஸ்பார்மர்) இதே ஆபத்து. 11000/110 என்றால் விகிதம் 100. ரிலே டெஸ்ட் பண்ணுகிறவர் செகண்டரி வயரைப் பிரிக்காமல் டெஸ்ட் கிட்டிலிருந்து 63.5 வோல்ட் கொடுத்தால், பிரைமரியில் 6350 வோல்ட். அதே நேரத்தில் இன்னொருவர் வி.சி.பி.யின் கேபிள் பெட்டியில் ஸ்பேனரோடு இருப்பார். பேனலில் பி.டி. இருந்தால் அதன் செகண்டரி ஃபியூசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பேனல்பில்டர்:

ரேக் அவுட் பண்ணிவிட்டால் பேனல் டெட் என்று நினைப்பதையும் இங்கே சொல்லியாகணும். ட்ராலி வெளியே வந்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். ஷட்டருக்குப் பின்னால் இரண்டு வரிசை ஸ்பவுட் (காண்டாக்ட் இருக்கும் குழி), ஒவ்வொரு வரிசையிலும் மூன்று காண்டாக்ட். ஒரு வரிசை டிரான்ஸ்பார்மருக்குப் போவது. மற்ற வரிசை நேராகக் கம்பத்திலிருந்து வரும் கேபிள். ஏ.பி. சுவிட்ச் திறக்கவில்லை என்றால் அந்த மூன்றிலும் 11 கே.வி. காத்திருக்கிறது. உள்ளே தூசி தெரிகிறதே என்று ஷட்டரை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் துணியை விடுவது, இந்த வேலையில் மனிதர்கள் சாகும் வழிகளில் ஒன்று. பல பேனல்களில் பஸ்பார் பக்க ஷட்டர் சிவப்பு, கேபிள் பக்கம் மஞ்சள். மறுபடி பெயின்ட் அடித்த பேனலில் அந்த நிறத்தை நம்பக்கூடாது.

பேனலில் இருக்கும் எர்த் சுவிட்ச் எந்தக் கேபிளை எர்த் பண்ணுகிறது என்று சிங்கிள் லைன் படத்தில் பாருங்கள். பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் பக்கம் போவதை மட்டும்தான். அதைப் போட்டுவிட்டு இன்கமிங் பெட்டியைத் திறந்தால் எந்தப் பயனும் இல்லை.

ரிங்பிரேம்22:

நன்றி. முன்பக்கத்தில் மூன்று நியான் லேம்ப் இருக்கு. மூன்றும் அணைந்தால் டெட் என்று எடுத்துக்கலாமா? வோல்டேஜ் டிடெக்டர் இன்னும் வாங்கலை.

டெஸ்ட்பெஞ்ச்:

கூடாது. எரிந்தால் லைவ் என்று நம்பலாம், அணைந்தால் எதையும் நம்ப முடியாது. லேம்ப் போயிருக்கலாம், உள்ளே கப்பாசிடிவ் இன்சுலேட்டரின் வயர் விட்டிருக்கலாம்.

11 கே.வி.க்கான டிடெக்டர் இன்சுலேட்டட் ராடோடு வேண்டும். முறை எப்போதும் மூன்று படி: தெரிந்த லைவ் இடத்தில் வைத்து டிடெக்டர் வேலை செய்கிறதா என்று பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பார், மறுபடி தெரிந்த லைவ் இடத்தில் பார். உங்கள் புதன்கிழமையில் ஒரு சிக்கல் உண்டு. ஏரியாவே ஷட்டவுன் என்றால், டிடெக்டரைச் சோதிக்க லைவ் 11 கே.வி. எங்கே? அதற்கு பேட்டரியில் ஓடும் ப்ரூவிங் யூனிட் தனியாக வாங்கணும், அல்லது 9 மணிக்கு முன், லைன் லைவாக இருக்கும்போதே எல்.சி. வேலையை ஆரம்பிக்கணும். டிடெக்டரில் உள்ள டெஸ்ட் பட்டன் லேம்பையும் பஸ்ஸரையும் பார்க்கும், பல மாடல்களில் முனையைப் பார்க்காது.

டிடெக்டரை வெற்று உலோகத்தில் வைக்கணும். எக்ஸ்.எல்.பி.இ. கேபிளின் மேல் வைத்துப் பார்த்தால், ஸ்கிரீன் எர்த் ஆகியிருப்பதால் உள்ளே 11 கே.வி. ஓடினாலும் ஒன்றும் காட்டாது.

லைன்கிளியர்:

எர்த் செட் பற்றி. டிஸ்சார்ஜ் ராட் வேறு, போர்ட்டபிள் எர்த் வேறு. ராட் மிச்சமிருக்கும் சார்ஜை இறக்குவதற்கு. போர்ட்டபிள் எர்த், நீங்கள் வேலை செய்யும்போது லைன் சார்ஜ் ஆனால் மூன்று ஃபேஸையும் ஷார்ட் பண்ணி, சப்ஸ்டேஷன் பிரேக்கர் ட்ரிப் ஆகும் வரை தாங்குவதற்கு. அதனால் சைஸ் முக்கியம். 350 எம்.வி.ஏ. ஃபால்ட் லெவல் என்றால் 11 கே.வி.யில் 18.4 கிலோ ஆம்பியர். ஒரு நொடி தாங்க காப்பர் சுமார் 95 சதுர மி.மீ. வேண்டும். 50 சதுர மி.மீ. சுமார் 10 கிலோ ஆம்பியர்தான் தாங்கும், 25 என்றால் சுமார் 5. சப்ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருந்தால் உங்கள் இடத்தில் ஃபால்ட் லெவல் குறைவாக இருக்கும். இ.பி.யிடம் கேட்டு, அதற்கேற்ப வாங்குங்கள். இரும்புச் சங்கிலியை மேலே வீசி எர்த் என்று சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

போடும்போது எர்த் முனை முதலில், ஃபேஸ் முனை பிறகு, அதுவும் ராடால். எடுக்கும்போது தலைகீழ். ஃபேஸை முதலில் மாட்டி, கையில் எர்த் முனையோடு நிற்கும்போது லைன் வந்தால், எர்த் நீங்கள்தான். எர்த் கிளாம்பைப் பெயின்ட் அடித்த ஆங்கிளில் மாட்டாதீர்கள். ஃபிளாட்டை எமரி தாள் போட்டு, காப்பரோ ஜி.ஐ.யோ பளபளவென்று தெரிந்த இடத்தில் கடியுங்கள்.

கேபிள்ஜாயின்ட்டர்:

மெக்கர் பற்றி ரெண்டு வார்த்தை. மேலே சொன்ன எர்த் ஏற்பாடு மெக்கர் நேரத்தில்தான் குலையும். கேபிளை மெக்கர் பண்ண அதன் எர்த்தை எடுக்கணும். எடுத்ததும் இ.பி. லைனுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது ஏ.பி. சுவிட்சின் காற்று இடைவெளி மட்டும். ஆகவே ஏ.பி. சுவிட்சுக்கு லைன் பக்கம் ஒரு எர்த் செட்டை இ.பி. ஆட்களை வைத்தே போடச் சொல்லுங்கள், அது கடைசி வரை இருக்கட்டும். லோடு பக்கத்தில் போட்டதை மட்டும், மெக்கர் நடக்கும் நிமிடங்களுக்கு, பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டு) நேரம் எழுதி எடுக்கலாம்.

கம்பத்தில் மீட்டரிங் செட்டோடு சேர்த்து மெக்கர் பண்ணாதீர்கள். பி.டி. பிரைமரி ஸ்டார் எர்த் ஆகியிருந்தால் மெக்கர் பூஜ்யம் காட்டும், கேபிள் போச்சு என்று கலங்குவீர்கள். கேபிள் லக்கைக் கழற்றியபிறகு பண்ணணும். மீட்டரிங் செட்டில் சீல் இருப்பதால் அதுவும் இ.பி. ஆள் முன்னிலையில்தான்.

5 கே.வி. மெக்கர் போடும்போது கேபிளின் மறுமுனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள், யாரும் கிட்டே வராதபடி சுற்றிக் கயிறு கட்டுங்கள். 60 மீட்டர் கேபிளில் சேரும் சார்ஜ் கால் ஜூல் அளவுதான், ஆளைக் கொல்லாது. ஆனால் ஏணியில் நிற்பவரை உதறித் தள்ளப் போதும். ஒரு கிலோமீட்டர் கேபிள் என்றால் நாலு ஜூலுக்கு மேல். டெஸ்ட் முடிந்ததும் ஒரு தொடு தொட்டு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்று விடாதீர்கள். இன்சுலேஷன் உறிஞ்சிய சார்ஜ் மெல்ல மெல்லத் திரும்பி வரும். 10 நிமிடம் மெக்கர் போட்டால், குறைந்தது 40 நிமிடம் எர்த்திலேயே விட்டு வையுங்கள்.

ஹெச்டி_யார்டு:

கப்பாசிட்டர் பேனலுக்கும் இதையே நினைவில் வையுங்கள். எல்.டி. கப்பாசிட்டர் 3 நிமிடத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கணும், ஹெச்.டி. என்றால் 10 நிமிடம். இது டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் நல்ல நிலையில் இருந்தால். ரெசிஸ்டர் திறந்துபோனதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 5 நிமிடம் விட்டு, மீட்டரில் பார்த்து, ஷார்ட் பண்ணியபின்தான் கை. ரிங் பிரேம் டிரைவ்களிலும் டி.சி. பஸ் 580 வோல்ட் பக்கம் இருக்கும், டிஸ்பிளே அணைந்தாலும் இருக்கும்.

புதுவயர்மேன்:

11 கே.வி. கிளவுஸ் போட்டுக்கொண்டு ஷட்டரைத் துடைக்கலாம் இல்லையா? ஸ்டோரில் இருக்கு.

பாதுகாப்பு_ஆய்வு:

லைவ் பாகத்தைத் தொடுவதற்குக் கிளவுஸ் அனுமதிச் சீட்டு ஆகாது. ராடால் இயக்கும்போது, எர்த் போடும்போது இரண்டாம் பாதுகாப்பாகத்தான் அது. உங்கள் ஸ்டோரில் இருப்பதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். கிளாஸ் 0 என்றால் 1000 வோல்ட் வரை, கிளாஸ் 1 என்றால் 7500, கிளாஸ் 2 என்றால் 17,000. 11 கே.வி.க்கு கிளாஸ் 2 தான். "டெஸ்ட்டடு 10 கே.வி." என்பது கிளாஸ் 1-ன் டெஸ்ட் வோல்டேஜ், வேலை வோல்டேஜ் கிடையாது. இந்தக் குழப்பத்தில் தவறான கிளவுஸ் வாங்கிய ஸ்டோர்கள் நிறைய.

ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, விரல்களை அழுத்திக் காதருகே வையுங்கள். ஊசித் துளை இருந்தால் மெல்லிய சீறல் கேட்கும், கன்னத்தில் காற்று படும். விரல் இடுக்கில்தான் பெரும்பாலும் விடும். மடித்து வைத்த கிளவுஸில் மடிப்பிலேயே வெடிப்பு வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை லேபில் டெஸ்ட். மேலே தோல் கிளவுஸ், ரப்பரை வெட்டுப்படாமல் காக்க.

மேட்டும் அப்படியே. ஐ.எஸ். 15652 முத்திரை, கிளாஸ் பி, 2.5 மி.மீ., 11 கே.வி. என்று பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாத கறுப்பு வரிவரி மேட்டைப் பேனல் முன் போட்டிருந்தால் அது வெறும் விரிப்பு. எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்கணும். சட்டை பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் ஆர்க்கில் உருகித் தோலோடு ஒட்டும். கையில் மோதிரம், கழுத்தில் செயின், இடுப்பில் உலோக பக்கிள் கூடாது.

டெஸ்ட்பெஞ்ச்:

எல்.டி.யை லேசாக எடுக்காதீர்கள் என்றும் சேர்க்கிறேன். 1000 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்றால் முழு லோடு 1333 ஆம்பியர், ஷார்ட் ஆனால் சுமார் 26.7 கிலோ ஆம்பியர். ஏ.சி.பி. முன்னால் ஸ்பேனர் விழுந்தால் ஷாக் அடிப்பதற்கு முன் ஆர்க் எரித்துவிடும். வி.சி.பி.யின் வேக்குவம் பாட்டிலை ஹை வோல்டேஜ் ஏ.சி.யில் டெஸ்ட் பண்ணும்போது எக்ஸ் கதிர் வரலாம், சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். 5 கே.வி. மெக்கரில் மதிப்பு நன்றாக வந்தது என்பதை வைத்து வேக்குவம் நன்றாக இருக்கிறது என்று முடிவு பண்ணவும் கூடாது.

பாதுகாப்பு_ஆய்வு:

விபத்து நடந்தால்: சப்ளை ஆஃப் ஆகி எர்த் ஆகும் வரை யாரும் கிட்டே போகக்கூடாது. எல்.டி.க்குச் சொல்லும் காய்ந்த கட்டை ஹெச்.டி.க்கு உதவாது. 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரி கட்டாயம். உள்ளே தசை வெந்திருந்தால் வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். சிறுநீர் கறுத்து வந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

ரிங்பிரேம்22:

மிக்க நன்றி. எர்த் மொத்தம் எத்தனை இடம், பூட்டுச் சாவி யாரிடம் என்று கடைசியாக ஒரு தெளிவு வேண்டும்.

ஹெச்டி_யார்டு:

நாலு இடம். ஏ.பி. சுவிட்சுக்கு லைன் பக்கம் ஒன்று, லோடு பக்கம் ஒன்று, இரண்டும் இ.பி. ஆட்கள் போடுவது. டிரான்ஸ்பார்மர் ஹெச்.டி. பக்கம் ஒன்று, பேனல் எர்த் சுவிட்ச் அந்தக் கேபிளுக்கு இருந்தால் அதுவே. எல்.டி. பஸ்ஸில், டிரான்ஸ்பார்மருக்கும் ஏ.சி.பி.க்கும் நடுவே ஒன்று. எல்.டி.க்கு அன்று வரக்கூடிய ஒரே பெரிய சோர்ஸ் உங்கள் 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர், அதன் ஷார்ட் சர்க்யூட் 6, 7 கிலோ ஆம்பியர் அளவுதான் வரும், 50 சதுர மி.மீ. தாங்கும்.

ஒவ்வொரு எர்த் செட்டுக்கும் எண் போட்டு பெர்மிட்டில் எழுதுங்கள். ஜெனரேட்டர், சோலார், ஏ.சி.பி., வி.சி.பி. நாலு பூட்டுச் சாவியும் ஒரே பெட்டியில். அந்தப் பெட்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே மாட்டணும், தானே கழற்றணும். சப்ளை விடும் முன் எர்த் செட் நாலும் கீழே வந்து வரிசையாகத் தரையில் இருப்பதை எண்ணுங்கள், துணியும் ஸ்பேனரும் எண்ணுங்கள், எல்.சி. ரிட்டர்னில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேபிள் லக்கைக் கழற்றி மாட்டியிருப்பதால், லோடு ஏற்றும் முன் எல்.டி.யில் ஃபேஸ் சீக்வென்ஸ் பாருங்கள். ஜெனரேட்டர் பேட்டரி லக்கை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்டுங்கள்.